நாற்காலியே போதும்: வேலை நேரத்தில் கால்களுக்குப் பயிற்சி

கையை எங்கும் ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து மறுபடி மெல்ல உட்காருவது, நின்ற இடத்திலேயே குதிகாலை உயர்த்தி இறக்குவது, சுவரில் முதுகைப் பதித்து அரைப் பஸ்கியில் நிற்பது, ஒற்றைக் காலில் நிற்பது. அலுவலகத்தில் செய்யக்கூடிய கால் பயிற்சிகள் பெரும்பாலும் இவ்வளவுதான். கருவி வேண்டாம், தனி உடை வேண்டாம், தரையில் பாய் விரித்துப் படுக்கவும் வேண்டாம். தூக்க வேண்டிய எடை அவரவர் உடம்பின் எடை. உடம்பின் பெரிய தசைகள் இடுப்பிலும் அதற்குக் கீழும்தான் இருக்கின்றன. பிட்டத் தசை, முன் தொடை, பின் தொடை, கெண்டைக்கால் ஆகிய நான்கும் நடக்கவும் ஏறவும் குந்தவும் சுமக்கவும் ஆனவை. நாற்காலியில் உட்கார்ந்ததும் நான்கும் ஒன்றாக வேலையை நிறுத்திவிடுகின்றன.

செங்கல்பட்டு மாவட்டத்தில் இதைப் பேசுவதற்குக் கூடுதல் காரணம் உண்டு. 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்தில் ஒரு பக்கம் ஏரிப்பாசன நெல் வயல், ஒரு பக்கம் மீனவர் குப்பங்கள், நடுவே சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் பரனூரை ஒட்டிய மகேந்திரா சிட்டியும் கல்பாக்கத்தின் அணுசக்தித் துறை அலுவலகங்களும். நாற்று நட்டும் கரைவலை இழுத்தும் பிழைத்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று ஏசி அறையில் கணினித் திரையின் முன்னால் ஒன்பது மணி நேரம் உட்கார்கிறார்கள். கரைவலை இழுப்பவர் குதிகாலை மணலில் ஊன்றி, முழங்காலை மடக்கி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து அடி அடியாகப் பின்வாங்குகிறார். தொடைக்கும் பிட்டத்துக்கும் அதைவிடக் கடுமையான பயிற்சியை எந்த ஜிம்மும் தந்துவிடாது. அவர் மகனுக்கோ மகளுக்கோ வேலை நாளில் கிடைக்கும் அதிகபட்ச கால் உழைப்பு லிஃப்ட் வாசலிலிருந்து இருக்கை வரைக்கும்தான்.

பயண நேரத்தையும் இதோடு கூட்ட வேண்டும். சென்னை நகருக்குள்ளிருந்து ராஜீவ் காந்தி சாலை வழியாகக் கம்பெனி பஸ்ஸில் வருகிறவருக்குப் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் ஆகும் நாட்கள் உண்டு. அதுவும் உட்கார்ந்த நேரம்தான். கடற்கரை–செங்கல்பட்டு மின்ரயிலில் இடம் கிடைக்காமல் நிற்பவர் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கொடுத்து வைத்தவர்.

உட்காருவதும் நிற்பதும்

உட்காருவதே கெடுதல், நிற்பதே நல்லது என்று இதைச் சுருக்கிவிடக் கூடாது. துணிக்கடையிலும் நகைக்கடையிலும் காலை முதல் இரவு வரை நின்றே வேலை செய்தவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 2021இல் ஒரு சட்டத் திருத்தம் கொண்டு வந்தது. 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவு சேர்ந்தது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். கேரளம் இதை 2018இலேயே செய்திருந்தது. தொழிற்சாலைகளைப் பொறுத்தவரை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 44ஆம் பிரிவில் நின்று வேலை செய்யும் தொழிலாளிக்கு இருக்கை வசதியை முன்பே வலியுறுத்தியிருந்தது.

ஆகவே ஒரே மாவட்டத்தில் ஒரு சாராருக்கு உட்கார உரிமை தேவைப்படுகிறது, இன்னொரு சாராருக்கு எழுந்திருக்க நினைவூட்டல் தேவைப்படுகிறது. இரண்டு பேருக்கும் தொல்லை கொடுப்பது ஒன்றுதான்: கால் ஒரே நிலையில் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்வது. பாதத்திலிருந்து இரத்தம் இதயத்துக்குத் திரும்ப வேண்டுமானால் புவியீர்ப்பை எதிர்த்து மேலேற வேண்டும். கெண்டைக்கால் தசை சுருங்கும்போது உள்ளே இருக்கும் சிரைகள் அழுந்தி இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. சிரைகளில் உள்ள வால்வுகள் அது கீழே இறங்காமல் பார்த்துக்கொள்கின்றன. தசை சுருங்கவில்லையென்றால் உட்கார்ந்தாலும் நின்றாலும் இரத்தம் கீழேயே தேங்கும். மாலையில் செருப்பு இறுகுவது, கணுக்காலில் சாக்ஸின் தடம் ஆழமாகப் பதிவது, இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுப்பது எல்லாம் அலுவலகக்காரருக்கும் கடைக்காரருக்கும் பொதுவான புகார்கள். நரம்புச் சுருட்டல் நீண்ட நேரம் நிற்பவர்களிடம் அதிகம்.

உட்கார்ந்த வேலைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பைக் கணக்கெடுத்துக் காட்டிய முதல் பெரிய ஆய்வு பேருந்தில்தான் நடந்தது. லண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் ஒப்பிட்டார். 1953இல் லான்செட் இதழில் வெளியான முடிவின்படி, நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களைவிட உட்கார்ந்தே வண்டி ஓட்டியவர்களுக்கு மாரடைப்பு அதிகம். பிறகு மாரிஸ் தம் கணக்கைத் தாமே கேள்விக்குள்ளாக்கினார். சீருடை தைத்த அளவுகளைப் புரட்டிப் பார்த்தபோது ஓட்டுநர்களுக்கு இடுப்பு அளவு முதலிலிருந்தே பெரிதாக இருந்தது தெரிந்தது. அதையும் 1956இல் எழுதினார். வேலை ஆளை மாற்றியதா, ஆள் வேலையைத் தேர்ந்தெடுத்தாரா என்ற சந்தேகம் இந்தத் துறையில் அன்றிலிருந்து தொடர்கிறது. இருக்கையை விட்டு எழாமலே டிக்கெட் கிழிக்கும் நம்மூர் நடத்துநர்களை வைத்து மாரிஸ் ஆய்வு செய்திருந்தால் முடிவு வேறாக வந்திருக்கலாம்.

மூன்று நிமிடக் கணக்கு

அலுவலகப் பயிற்சிக்கு நேரடியாக ஆதாரம் தருபவை பின்னால் வந்த சோதனைகள். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் உள்ள பேக்கர் நிறுவனத்தில் டேவிட் டன்ஸ்டன் குழுவினர் 2012இல் செய்த சோதனையில், உடல் எடை கூடுதலாக உள்ளவர்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து 2 நிமிடம் நடந்தார்கள். தொடர்ந்து உட்கார்ந்திருந்த நாளோடு ஒப்பிட, உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையும் இன்சுலினும் குறைந்தன. அலுவலகத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை நடக்க யார் விடுவார்கள் என்ற கேள்வி எழுவது இயல்பு. அதே நிறுவனத்தில் பேடி டெம்ப்சி குழுவினர் 2016இல் வெளியிட்ட சோதனை இதற்கு வழி காட்டியது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 24 பேர் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, இருந்த இடத்திலேயே 3 நிமிடம் அரைப் பஸ்கி, குதிகால் உயர்த்தல், பிட்டத்தை இறுக்குதல், முழங்காலைத் தூக்குதல் ஆகியவற்றைச் செய்தார்கள். நடந்த நாளில் கிடைத்த பலன் இதிலும் கிடைத்தது.

காரணம் எளிது. தசை சுருங்கும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே உள்ளே இழுத்துக்கொள்கிறது. எவ்வளவு பெரிய தசையோ அவ்வளவு இழுப்பு. அதனால்தான் கைப் பயிற்சியைவிடக் கால் பயிற்சிக்கு இங்கே முதலிடம். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலுடன் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் 2023 அறிக்கைப்படி, தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு உண்டு. இந்திய சராசரி 11.4. சோற்றைப் பிரதானமாக வைத்து மதியம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நேராகப் போய் உட்காரும் வழக்கம் உள்ள ஊரில், மதியம் ஒன்றரை முதல் மூன்றரை வரைக்குமான நேரம்தான் கால்களுக்கு மிக அவசியமான நேரம்.

மாலையில் கடற்கரையில் ஒரு மணி நேரம் நடந்தால் ஈடாகாதா? ஓரளவு ஆகும். பத்து லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் தரவுகளைத் தொகுத்து 2016இல் லான்செட்டில் வந்த ஆய்வு, நாள்தோறும் 60 முதல் 75 நிமிடம் மிதமான உழைப்பு இருந்தால் நீண்ட நேரம் உட்காருவதால் கூடும் மரண ஆபத்து ஏறக்குறைய மறைந்துவிடுகிறது என்றது. போகவர மூன்று நான்கு மணி நேரத்தைச் சாலையில் தொலைப்பவருக்குத் தினமும் 75 நிமிடம் கிடைக்குமா என்பதுதான் சிக்கல். தவிர, மாலை நடை மதியச் சாப்பாட்டின் சர்க்கரையைத் தொடுவதில்லை. நடை போகிறவர் அதை விட வேண்டியதில்லை. நடக்க நேரமே இல்லாதவருக்கும் மூன்று நிமிடம் இருக்கிறது.

எழுந்து உட்காருதல்

எல்லாவற்றிலும் முதன்மையானது இது. ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்தால் போதும். நாற்காலியின் முன் பாதியில் உட்கார்ந்து, பாதங்களை இடுப்பகலத்துக்கு வைத்து, முழங்காலைவிடச் சற்று உள்ளே குதிகாலை இழுத்துக்கொள்ள வேண்டும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, மூக்கு கால் விரல்களுக்கு நேராக வரும் அளவு முன்னால் சாய்ந்து, பாதம் முழுவதையும் தரையில் அழுத்தி எழ வேண்டும். இடுப்பு முழுக்க நிமிர்ந்த பிறகே இறங்கத் தொடங்கலாம். இறங்குவதற்கு மனத்துக்குள் மூன்று வரை எண்ணும் நேரம் கொடுக்க வேண்டும். தொப்பென்று விழுந்து உட்கார்ந்தால் பாதிப் பலன் அந்த இடத்திலேயே போய்விடும், ஏனென்றால் இறங்கும்போது தசை நீண்டபடியே எடையைத் தாங்குவதுதான் அதை அதிகம் பலப்படுத்துகிறது.

அலுவலகச் சுழல் நாற்காலியில் ஓர் ஆபத்து உண்டு. அதன் அடியில் உள்ள சக்கரங்கள் எழும்போது பின்னால் ஓடும், உட்காரும்போது அங்கே நாற்காலியே இருக்காது. சுவரிலோ மேசையிலோ அண்டக்கொடுக்கலாம். பார்வையாளர்களுக்குப் போடும் நான்கு கால் நாற்காலி இன்னும் நல்லது. பத்து முறை எழுந்து உட்காருவது ஒரு சுற்று. எழவே சிரமப்படுபவர் கைகளைத் தொடையில் ஊன்றலாம் அல்லது இருக்கையின் உயரத்தைக் கூட்டலாம். மிகவும் எளிதாக இருப்பவர் உட்காராமல், இருக்கையைப் பிட்டம் தொட்டதும் எழலாம். அதுவும் போதவில்லையென்றால் ஒரு காலைச் சற்று முன்னால் வைத்து மற்றக் காலுக்கு எடையை மாற்றலாம்.

இது பயிற்சி மட்டுமல்ல, அளவுகோலும்கூட. தசை வலு குறைந்துவிட்டதா என்று பார்க்க முதியோர் மருத்துவத்தில் ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி நேரம் பார்ப்பார்கள். ஆசிய நாடுகளுக்கான 2019ஆம் ஆண்டு நெறிமுறையில் 12 நொடி என்பது எல்லைக்கோடு. அதற்கு மேல் எடுத்தால் மேற்கொண்டு பரிசோதனை தேவை. ஓய்வுபெற ஐந்தாறு வருடம் இருக்கும் ஊழியர் ஒருவர் இதைத் தம் இருக்கையிலேயே சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பஸ்கியும் குந்துதலும்

எழுந்து உட்காருவதிலிருந்து நாற்காலியை எடுத்துவிட்டால் பஸ்கி. தண்டாலும் பஸ்கியும் நம் பயில்வான்கள் காலங்காலமாக எடுத்தவை. பிள்ளையார் முன்னால் போடும் தோப்புக்கரணம் காதைப் பிடித்துக்கொண்டு எடுக்கும் பஸ்கிதான். மாமல்லபுரத்தின் கிருஷ்ண மண்டபத்துச் சிற்பத் தொகுதியில் பசுவின் பக்கத்தில் குந்திப் பால் கறக்கும் ஆயரைப் பார்க்கிறவர் எவரும் அந்த நிலையின் இயல்பைக் கவனிப்பார். அடுப்படியில், கிணற்றடியில், வயல் வரப்பில், கழிப்பறையில் என்று ஒரு நாளைக்குப் பலமுறை குந்தி எழுந்த உடம்பு அது. அலுவலகங்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் மேல்நாட்டுக் கழிப்பறை வந்த பிறகு கடைசியாக மிஞ்சியிருந்த குந்துதலும் போய்விட்டது. முழங்கால் தேய்ந்தவருக்கு அது பெரிய வசதி என்பதை மறுக்க முடியாது. முழங்கால் நன்றாக இருப்பவருக்கு அது இழப்பு.

அலுவலகத்தில் முழுக்கக் குந்த வேண்டியதில்லை, அரைப் பஸ்கி போதும். நாற்காலியின் முதுகையோ மேசை விளிம்பையோ லேசாகப் பிடித்தபடி, பின்னால் ஒரு முக்காலி இருப்பதாகப் பாவித்து இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி இறங்க வேண்டும். முழங்கால் கால்விரல் போகும் திசையிலேயே மடங்க வேண்டும்; இரண்டு முழங்காலும் உள்நோக்கி இடித்துக்கொள்ளக் கூடாது. கால் விரலைத் தாண்டி முழங்கால் முன்னே போகவே கூடாது என்று ஜிம்களில் பயமுறுத்துவது மிகை. உயரமானவர்களுக்கும் நீண்ட தொடை உள்ளவர்களுக்கும் சற்று முன்னே போகத்தான் செய்யும். குதிகால் தரையை விட்டு எழாமல் இருந்தால் சரி.

சேலை கட்டியவர்களுக்கும் வேட்டி கட்டியவர்களுக்கும் அரைப் பஸ்கியில் தடை எதுவும் இல்லை. முன்னும் பின்னுமாகக் கால் வைத்து இறங்கும் பயிற்சிதான் சேலையில் சங்கடம். ஒரு காலை ஓர் அடி முன்னால் வைத்து, மற்றக் காலின் குதிகாலை உயர்த்தி, இரண்டு முழங்காலையும் மடக்கி நேராகக் கீழே இறங்கி எழுவது அது. சிற்ப சாஸ்திரத்தில் வில்லாளியின் நிலைக்கு ஆலீடம் என்று பெயர், ஒரு முழங்காலை மடக்கி மறு காலை நீட்டி நிற்பது. ஏறத்தாழ அதே அமைப்பு. சுடிதாரோ பேண்ட்டோ அணிந்தவர்கள் மேசையைப் பிடித்தபடி பக்கத்துக்கு எட்டு முறை செய்யலாம். சேலைக்காரர்கள் இதை விட்டுவிடுவதால் பெரிய நஷ்டம் எதுவும் வராது.

கெண்டைக்கால்

குதிகால் உயர்த்தலை யாரும் கவனிக்காமலே செய்ய முடியும். பிரிண்டர் முன்னால், காபி எந்திரத்தின் முன்னால், லிஃப்ட் வரும் வரை, போனில் பேசியபடி நின்ற இடத்தில் நுனிக்காலில் எழும்பி, ஒரு நொடி நின்று, மெதுவாக இறங்கலாம். 15 முதல் 20 வரை ஒரு சுற்று. அதன்பின் குதிகாலைத் தரையில் ஊன்றிக் கால் விரல்களை மேலே தூக்கினால் முன்னங்கால் தசைக்கும் வேலை கிடைக்கும். நடக்கும்போது கால் தடுக்காமல் பாதத்தை உயர்த்திக் கொடுப்பது இந்த முன்னங்கால் தசைதான். வயதாக ஆக இடறி விழுவதைத் தடுப்பதில் இதற்குப் பங்கு உண்டு.

உட்கார்ந்தபடியும் குதிகாலை உயர்த்தலாம். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் மார்க் ஹாமில்டன் 2022இல் வெளியிட்ட ஆய்வு இதை உலகெங்கும் பிரபலமாக்கியது. கெண்டைக்காலின் அடியில் இருக்கும் சோலியஸ் என்ற தசை உடல் எடையில் ஒரு சதவீதம்தான். ஆனால் உட்கார்ந்தபடி அதை மட்டும் குறிப்பிட்ட விதத்தில் தொடர்ந்து இயக்கினால் சர்க்கரைக் கரைசல் குடித்த பிறகு ஏறும் இரத்தச் சர்க்கரை சுமார் பாதியாகக் குறைந்தது என்றார் அவர். உடனே வாட்ஸப்பில் சர்க்கரை நோய்க்கு நாற்காலி வைத்தியம் என்று சுற்ற ஆரம்பித்தது. அந்தச் சோதனையில் பங்கேற்றவர்கள் தசையின் இயக்கத்தைக் கருவியால் கண்காணித்தபடி மணிக்கணக்கில் விடாமல் செய்தார்கள் என்பதை அந்தச் செய்திகள் சொல்லவில்லை. மீட்டிங்கில் பத்து நிமிடம் குதிகாலை ஆட்டுவதால் அதே விளைவு வந்துவிடாது. வீக்கமும் மரமரப்பும் குறையும், அதுவே போதுமான காரணம்.

சுவரும் ஒற்றைக் காலும்

சுவர்ப் பஸ்கி அசையாமல் செய்யும் பயிற்சி. முதுகைச் சுவரில் ஒட்டி, பாதங்களை ஒன்றரை அடி முன்னால் வைத்து, நாற்காலியில் உட்காரும் நிலைக்குப் பாதி வழி வரை சறுக்கி இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். தொடக்கத்தில் 15 நொடி, போகப் போக 45 நொடி. பல ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியான பகுப்பாய்வு ஒன்று, இரத்த அழுத்தத்தைக் குறைப்பதில் இத்தகைய அசையாப் பயிற்சிகள் நடை, ஓட்டத்தைவிட முன்னிலை வகிப்பதாகச் சொன்னது. வாரக்கணக்கில் செய்தால் கிடைக்கும் பலன் அது. செய்துகொண்டிருக்கும் நேரத்தில் அழுத்தம் ஏறும், மூச்சைப் பிடித்தால் இன்னும் ஏறும். ஆகவே வாய்விட்டு எண்ணிக்கொண்டே நிற்பது நல்ல உத்தி, எண்ணும்போது மூச்சை அடக்க முடியாது. கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது.

பிட்டத் தசைக்குத் தனிப் பயிற்சி இரண்டு உண்டு. மேசையைப் பிடித்து நேராக நின்று, முழங்காலை மடக்காமல் ஒரு காலை ஓர் அடி பின்னால் தூக்கி இறக்குவது ஒன்று. பக்கவாட்டில் தூக்கி இறக்குவது மற்றொன்று. மாமல்லபுரம் வராக மண்டபத்துத் திரிவிக்கிரமரைப் போல விண்ணளக்க வேண்டியதில்லை. உயரம் முக்கியமல்ல, இடுப்பு கோணாமல் இருப்பதுதான் முக்கியம். எழவே முடியாத மீட்டிங்கில் இரண்டு பிட்டத்தையும் ஐந்து நொடி இறுக்கித் தளர்த்தலாம். மேசைக்கு அடியில் ஒரு முழங்காலை நேராக நீட்டி ஐந்து நொடி பிடித்து இறக்கலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பிசியோதெரபி நிபுணர்கள் முதலில் கற்றுத்தரும் பயிற்சிகளில் இந்த நீட்டலும் ஒன்று.

மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத் தொகுதியில், இரு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி ஒற்றைக் காலில் தவம் செய்யும் மெலிந்த உருவம் ஒன்று உண்டு. அர்ச்சுனன் என்பார் சிலர், பகீரதன் என்பார் சிலர். கீழே அதே தவத்தைப் பாவனை செய்யும் பூனை பின்னங்காலில் நிற்கிறது, அதன் காலடியில் எலிகள். 7ஆம் நூற்றாண்டுச் சிற்பி இதைக் கடுந்தவத்தின் அடையாளமாகச் செதுக்கினான். ஒற்றைக் காலில் நிற்பது எவ்வளவு கடினம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பிரேசிலில் 51 முதல் 75 வயது வரையுள்ள 1,702 பேரை 10 நொடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னபோது ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. 2022இல் வெளியான அந்த ஆய்வு, முடியாதவர்களிடையே அடுத்த சில ஆண்டுகளில் மரணம் கூடுதலாக இருந்ததையும் பதிவு செய்தது. நிற்க முடியாததே மரணத்துக்குக் காரணம் என்று இதற்குப் பொருளில்லை. பல நோய்களும் மூப்பும் முதலில் சமநிலையில்தான் தலைகாட்டுகின்றன.

அலுவலகத்தில் செய்யும்போது ஒரு கை எட்டும் தூரத்தில் மேசையோ சுவரோ இருக்க வேண்டும். ஒரு காலுக்கு 10 நொடியில் தொடங்கி 30 நொடி வரை போகலாம். கண்ணை மூடிச் செய்வது வேறு கதை, அலுவலகத்தில் அது வேண்டாம். உயர்குதி செருப்பு, பளபளப்பான டைல்ஸ் தரை, சாக்ஸ் அணிந்த கால் ஆகிய மூன்றும் இந்தப் பயிற்சிக்குப் பகை.

நாளுக்குள் எப்படிப் பொருத்துவது

ஆய்வகம் சொன்ன அரை மணிக்கு ஒருமுறை என்பது அலுவலகத்தில் நீடிக்காது. மணிக்கு ஒருமுறை மூன்று நிமிடம் என்பது நடக்கக்கூடியது. அதிலும் தனியாக அலாரம் வைப்பதைவிட ஏற்கெனவே இருக்கும் வேலைகளில் தொங்கவிடுவது நிலைக்கிறது. காலை 11 மணி டீக்கு எழும்போது பத்து முறை எழுந்து உட்காருதல், போன் அழைப்புகளில் குதிகால் உயர்த்தல், மதியச் சாப்பாடு முடிந்து இருக்கைக்குத் திரும்பியதும் அரைப் பஸ்கி, நாலு மணிக்குச் சுவர். இரண்டு மாடிக்குள் என்றால் படிக்கட்டு. இரவுப் பணிக்காரர்களுக்கு நள்ளிரவுச் சாப்பாட்டுக்குப் பிறகான நேரம்தான் மதியத்துக்குச் சமம். அந்நேரத்தில் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் பகலைவிடக் குறைவு.

கூச்சம்தான் பெரிய தடை. பக்கத்து இருக்கைக்காரர் சிரிப்பார், மேலாளர் வேலையில்லை என்று நினைப்பார் என்ற தயக்கம் எந்த முழங்கால் வலியைவிடவும் அதிகப் பேரை உட்கார வைத்திருக்கிறது. இதில் நிறுவனம் முதலில் எழுந்தால் ஊழியர் எழுவார். மத்திய ஆயுஷ் அமைச்சகம் 2021 செப்டம்பரில் பணியிடங்களுக்கென ஐந்து நிமிட யோகா இடைவேளையைச் செயலியாக வெளியிட்டு அரசு அலுவலகங்களில் பரப்பியது. தமிழ்நாடு அரசு 2024 ஜனவரியில் தொடங்கிய ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனை பணியிடத்துக்கே வருகிறது. அந்தப் பரிசோதனை முகாமிலேயே ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி நேரம் பார்ப்பதற்கு ஒரு நாற்காலியும் ஒரு கடிகாரமும் போதும். அதையும் சேர்த்தால் செலவு எதுவும் அதிகமாகாது.

மூளை உழைப்புக்கும் எழுந்து நடப்பதற்கும் பகையில்லை என்பதை மாமல்லபுரமே பார்த்தது. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை பூஞ்சேரியில் நடந்த 44ஆவது செஸ் ஒலிம்பியாடில் ஓர் ஆட்டம் நான்கைந்து மணி நேரம் நீண்டது. எதிராளி யோசிக்கும் நேரத்தில் எழுந்து அரங்கில் உலாவுவது உலகத் தரத்து ஆட்டக்காரர்களின் சாதாரண வழக்கம். அவர்களை யாரும் வேலையில் அக்கறையில்லாதவர்கள் என்று சொன்னதில்லை.

நின்று வேலை செய்பவர்களுக்கு இந்த வரிசையில் சில மாற்றங்கள் வேண்டும். அவர்களுக்குச் சுவர்ப் பஸ்கி கூடுதல் சுமை. மணிக்கு இரண்டு முறை குதிகால் உயர்த்தல், ஒரு காலைச் சிறு பலகை மேல் மாற்றி மாற்றி வைத்தல், சட்டம் கொடுத்த இருக்கையில் உட்காரும்போது முழங்காலை நீட்டி மடக்குதல் ஆகியவை போதும். உளியோடு நாள் முழுவதும் தரையில் உட்காரும் மாமல்லபுரத்துக் கல்தச்சர்களுக்கு நேர்மாறான தேவை: முழங்காலும் இடுப்பும் மடங்கியே இருப்பதால் எழுந்து நின்று காலைப் பின்னால் நீட்டுவதுதான் முதல் பயிற்சி.

யார் தள்ளி நிற்க வேண்டும்

ஒரு காலில் மட்டும் திடீரென்று வீக்கம், கெண்டைக்காலில் தொட்டால் வலி, சூடு, சிவப்பு என்றால் பயிற்சி கூடாது. அது ஆழ்சிரையில் இரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மார்பு இறுக்கம், தலைசுற்றல், அளவுக்கு மீறிய மூச்சிரைப்பு வந்தால் உடனே நிறுத்த வேண்டும். கருவுற்றிருக்கும் பெண்கள், மூட்டு மாற்று அறுவை செய்தவர்கள், இன்சுலின் போடுபவர்கள் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குவது முறை. முழங்காலில் தேய்மானம் இருந்தால் இறங்கும் ஆழத்தைக் குறைத்தால் போதும். பயிற்சியை விட்டால் தொடைத் தசை மெலிந்து வலி கூடத்தான் செய்யும். செய்யும்போது இலேசான வலி இருந்து ஒரு நாளில் அடங்கினால் கவலையில்லை, மறுநாளும் கூடிக்கொண்டே போனால் எண்ணிக்கை அதிகம் என்று பொருள்.

நீரிழிவால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் வெறுங்காலில் எதையும் செய்யக் கூடாது. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1955 முதல் இயங்கும் மத்திய தொழுநோய் பயிற்சி ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில், உணர்விழந்த பாதத்தைத் தினமும் கண்ணால் பார்த்துக் காயம் தேடும் பழக்கம் சிகிச்சையின் பகுதியாகவே கற்பிக்கப்படுகிறது. நீரிழிவுக்காரருக்கும் அதே விதி பொருந்தும்.

இந்தப் பயிற்சிகளால் எடை பெரிதாகக் குறையாது; மூன்று நிமிடப் பஸ்கியில் செலவாகும் கலோரி ஒரு டீயில் போடும் சர்க்கரையை எட்டுவதே சந்தேகம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்தபடி வயது வந்தவருக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பும், வாரத்தில் இரண்டு நாளாவது பெரிய தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் தேவை. அதில் கால்களுக்கான வலுவூட்டலை அலுவலக நேரத்துக்குள்ளேயே முடித்துவிட முடியும். அதற்கு எண்ணிக்கையை ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு வாரம் ஒவ்வொன்றிலும் ஒரு சுற்று, அதன்பின் இரண்டு சுற்று, பத்துமுறை எளிதாகிவிட்டால் இறங்கும் நேரத்தை மூன்றிலிருந்து ஐந்து எண்ணிக்கையாக நீட்டுவது, அதுவும் எளிதென்றால் எடையை ஒரு காலுக்கு மாற்றுவது. கடைசி இரண்டு முறை சற்றுத் திணறலாக இருந்தால் அளவு சரியாக இருக்கிறது.